டிராகனுக்குப் பட்டா யார் பேரில்?

போன ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் பிள்ளைகள் வந்திருந்தார்கள். பெரியவன் பையிலிருந்து நாலு கட்டு கார்டுகளை எடுத்துப் போட்டான். ‘மேஜிக்: தி கேதரிங்’. 1993-இலிருந்து இருக்கிற ஆட்டமாம். எனக்கு ரம்மியைத் தாண்டி எதுவும் தெரியாது. அதில் ‘கமாண்டர்’ என்று ஒரு வகை: ஆளுக்கு 100 கார்டு, 40 லைஃப், கடைசி வரை மிஞ்சுகிறவர் ஜெயித்தவர். நான், மனைவி, பையன், அவன் தங்கை என்று நாலு பேர் உட்கார்ந்தோம். மாமனார் சாய்வு நாற்காலியில் பேப்பரோடு. ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ. அவர்.

ஒரு மணி நேரத் திணறலுக்குப் பிறகு எனக்கு ஒரு நல்ல காலம் வந்தது. அடுத்தவர் மிருகத்தைத் தன் வசமாக்கும் மந்திரக் கார்டு ஒன்று கைக்கு வந்தது. பையனிடம் ஒரே ஒரு டிராகன், பயங்கரமானது. மந்திரத்தை அதன் மேல் போட்டு என் பக்கம் இழுத்துக்கொண்டேன். பையன் முகம் சுண்டிவிட்டது. நான் காபியை ஊதி ஊதிக் குடித்தேன்.

அடுத்து மனைவியின் முறை. அவள் என்னைப் பார்த்தாள், டிராகனைப் பார்த்தாள், அப்புறம் தன் அப்பாவைப் பார்த்தாள். அவர் பேப்பரை இறக்காமலே கேட்டார்:

“அந்த டிராகனுக்குப் பட்டா யார் பேர்ல இருக்கு?”

“என்னுது தாத்தா. மாமா வச்சிருக்காரு, அவ்ளோதான்.”

“அப்போ இவருக்கு அனுபவ பாத்தியதை மட்டும்தான்.”

மனைவிக்கு அது போதும். என்னைத் தொடவே இல்லை. தன் படை மொத்தத்தையும் பையன் மேல் ஏவினாள். தடுக்க அவனிடம் ஒரு மிருகமும் இல்லை, இருந்த ஒன்றைத்தான் நான் எடுத்து வைத்திருக்கிறேனே! அவன் லைஃப் பூஜ்யம்.

“நான் அவுட்!” என்று சிரித்துக்கொண்டே என் முன்னாலிருந்த டிராகனை எடுத்துத் தன் கட்டோடு சேர்த்தான்.

“டேய், அது என்னுது!”

விதி 800.4-இன் முதல் உட்பிரிவாம். செல்போனில் காட்டினான். ஒருவர் ஆட்டத்தை விட்டுப் போனால் அவருக்குச் சொந்தமான கார்டுகள் எல்லாம், யார் வசம் இருந்தாலும், அவரோடு போய்விடும். என் மந்திரக் கார்டு மட்டும் ஒட்டிக்கொள்ள ஆளில்லாமல் என் கிரேவ்யார்டுக்கு, அதாவது செத்த கார்டுகள் கிடக்கும் குவியலுக்கு, போனது.

சரி, இன்னொரு நம்பிக்கை இருந்தது. என் கிரேவ்யார்டில் கிடந்த காண்டாமிருகத்தைச் சின்னவள் உயிர்ப்பித்து வைத்துக்கொண்டு என்னையே முட்டிக்கொண்டிருந்தாள். பட்டா என் பேரில். அவள் அவுட் ஆனால் அது எனக்குத் திரும்பி வந்தாக வேண்டுமே? இரண்டு சுற்றில் மனைவி அவளையும் முடித்தாள். நான் கையை நீட்டினேன்.

“இல்ல மாமா, அது எக்ஸைல்.”

நான் டிராகனை இழுத்தது போல மந்திரம் போட்டுப் பிடித்து வைத்திருந்தால், அவள் போனதும் மந்திரம் முடிந்து மிருகம் என்னிடம் வந்திருக்குமாம். இது களத்துக்கு வந்ததே அவள் வசத்தில்தான். அதனால் யாருக்கும் கிடையாது, ஒரேயடியாக ஓரங்கட்டிவிடுவார்கள்.

“புறம்போக்கு,” என்றார் மாமனார். இப்போது பேப்பர் கீழே கிடந்தது.

அதற்கப்புறம் நான் தாக்குப்பிடித்தது ஒரே ஒரு சுற்று. இரண்டாவது காபி போட எழுந்தபோது மாமனார் பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஆள் போனதும் சொத்தும் கையோட போயிடுது. வாரிசுச் சான்றிதழ்கூடக் கேக்க மாட்டேங்கறாங்க. அந்த விதிப் புஸ்தகத்தை முதல்லேர்ந்து காட்டு.”

“இருநூறு பக்கத்துக்கு மேல இருக்கு தாத்தா.”

“இருக்கட்டும். இதுல மேல்முறையீடு யார்கிட்ட பண்ணணும்?”