பெரியம்மாவுக்கு ஒரு வான்வழிக் கடிதம்

டொராண்டோவில் மகன் வீட்டில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு 83 வயது. காது மந்தமாகிவிட்டதால் தொலைபேசியில் நான் பேசுவதில் பாதிதான் அவருக்கு எட்டுகிறது. ஆனால் கண் பார்வை நன்றாக இருக்கிறது, கடிதம் என்றால் எடுத்தெடுத்துப் படிப்பார். அதனால்தான் வான்வழி அஞ்சலில் எழுதத் தொடங்கினேன்.

முதல் கடிதம் ஐந்து வாரம் கழித்து என் வீட்டுக்கே திரும்பி வந்தது. தபால்தலை போதவில்லை என்று உறையின் மேல் குறித்திருந்தார்கள். வெளிநாட்டுக் கடிதத்துக்கு முதல் எடைப் படி 20 கிராம். அதற்குரிய தபால்தலையை ஒட்டி, எடை பார்க்காமல் தெருமுனைப் பெட்டியில் போட்டிருந்தேன். 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 4.4 கிராம், மூன்று தாளும் உறையும் சேர்ந்தால் 18 கிராமுக்குள் அடங்கிவிடும். கூடவே வைத்த என் மகளின் காதுகுத்துப் படம்தான் எடையை எல்லை தாண்ட வைத்தது. அவர் பார்க்கக் காத்திருந்த படம் ஐந்து வாரம் வீணாக அலைந்ததே என்று மனம் வருந்தியது.

மறுமுறை உறையை ஒட்டாமல் தலைமை அஞ்சலகத்துக்குக் கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த அம்மா உறையை விரலால் அழுத்திப் பார்த்து, "உள்ளே பொட்டலம் மாதிரி என்ன இருக்கிறது?" என்று கேட்டார். பழனித் திருநீறு. காகிதத்தைத் தவிர எதை வைத்தாலும் அது பொருளாகிவிடும், சுங்கப் படிவம் நிரப்ப வேண்டும், அதிலும் கடித உறைக்குள் வெள்ளைப் பொடி இருந்தால் எங்கே வேண்டுமானாலும் நிறுத்திவிடுவார்கள் என்று அவர் பொறுமையாக விளக்கியதும், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

பிறகு எடை, கட்டணம். பெரிய மதிப்புத் தபால்தலை இல்லாததால் ஐந்து ரூபாய்த் தலைகளாகவே கொடுத்தார். ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் வலப்பக்க மேல்மூலையில் தொடங்கி வரிசையாக ஒட்டினேன். பசை நான்கு ஓரத்திலும் படவேண்டும், நடுவில் மட்டும் தடவினால் முனை எழும்பிவிடும். முகவரியை ரோமன் பெரிய எழுத்தில் எழுதி, நாட்டின் பெயரைக் கடைசி வரியில் தனியாக வைத்தேன். நீல நிற வான்வழிச் சீட்டு தீர்ந்துபோயிருந்தது. 'வான்வழியாக' என்று பொருள்படும் 'பார் அவியோன்' என்ற பிரெஞ்சுச் சொற்களைக் கையால் எழுதினாலே போதும் என்றார். 1874இல் பெர்ன் நகரில் உருவான உலக அஞ்சல் ஒன்றியத்தின் அலுவல் மொழி பிரெஞ்சு என்பதால் அந்தச் சொற்கள் எந்த நாட்டு அஞ்சலகத்திலும் செல்லும்.

என் கண்ணெதிரிலேயே ஒவ்வொரு தபால்தலையிலும் தேதி முத்திரை குத்தினார்.

பத்தொன்பதாம் நாள் கடிதம் போய்ச் சேர்ந்தது. காதுகுத்துப் படம் இப்போது பெரியம்மாவின் பூசை அலமாரியில் இருக்கிறது. உறையிலிருந்த தபால்தலைகளையும் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்து எடுத்திருக்கிறார். அடுத்த கடிதத்தில் மயில் படம் போட்டது வேண்டுமாம். தபால்தலை சேகரிப்போருக்கான கவுண்டரில் சொல்லி வைத்திருக்கிறேன்.