தேன்மெழுகும் ஹெம்ப் நூலும்: இரண்டு திரிகள் செய்து பார்த்த அனுபவம்

ஒரே நூல், ஒரே மெழுகு. அதிலிருந்து சுங்கான் (புகையிலை பிடிக்கும் குழாய்) பற்றவைக்க ஒரு திரி, மெழுகுவத்திக்கு ஒரு திரி. கேட்டால் ஒரே வேலை போலத்தான் தோன்றும். சில மாதங்களாகச் செய்து பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது, இரண்டுக்கும் குணமே வேறு என்பதுதான். பற்றவைக்கும் திரி தனக்கு வேண்டிய மெழுகைத் தானே சுமந்துகொண்டு போக வேண்டும். நாரும் மெழுகும் தவிர வேறு எதுவும் அதில் இருக்கக் கூடாது, ஏனென்றால் அதன் புகை ஒருவர் வாய்க்குள் போகிறது. மெழுகுவத்தித் திரி அப்படியில்லை. கீழே உருகி நிற்கும் மெழுகை விடாமல் உறிஞ்சி மேலே கொடுக்க வேண்டும், தன் நுனியையும் தானே எரித்துத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் மெழுகு. மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்க்கும் ஒருவரிடம் வாங்கினேன். அங்கே ரப்பர் தோட்டங்களுக்குள் வரிசையாகத் தேனீப் பெட்டிகள் இருக்கும். திருச்சி புனித வளனார் கல்லூரியில் இருந்த பாதிரியார் நியூட்டன் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் வடிவமைத்த சிறிய பெட்டி. நம் ஊர் அடுக்குத் தேனீக்கு அளவானது. இந்த முறையில் தேன் நிறையக் கிடைக்கும், மெழுகு அதிகம் கிடைக்காது. அடையை எந்திரத்தில் போட்டுச் சுற்றித் தேனை எடுத்துவிட்டு, அதே அடையைத் தேனீக்களிடமே திருப்பி வைத்துவிடுகிறார்கள். 1 கிலோ மெழுகு சுரக்கத் தேனீக்கள் 6 முதல் 8 கிலோ தேனைச் செலவழிக்கும் என்பது தேனீ வளர்ப்பவர்கள் சொல்லும் கணக்கு. அப்படியிருக்க அடையை யார் உருக்குவார்கள்? தேன் அறைகளின் மேல்மூடியைச் சீவும்போது விழுவதும், பழசாகிக் கறுத்துப்போன அடைகளும்தான் மெழுகாக வெளியே வருகின்றன.

இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி வந்தேன். சீவிய மூடி மெழுகு வெளிர் மஞ்சள், வாசனையே தனி. பழைய அடை கரும்பழுப்பு. புழுக்கள் வளர்ந்த அறைகளின் கூட்டுத் தோல், மகரந்தம், பிசின் எல்லாம் அதில் கலந்திருக்கும்.

சுத்தம் செய்வதில்தான் அதிக நேரம் போயிற்று, அதில் கஞ்சத்தனம் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன். எங்கள் தெருவில் போர்வெல் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக இருக்கும். அதில் மெழுகை உருக்கினால் ஒரு பகுதி தண்ணீரோடு கலந்து நுரைத்த கூழ் மாதிரி நின்றுவிடும். அதனால் மழைத்தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டேன். பாத்திரம் எவர்சில்வர். இரும்புச்சட்டி மெழுகின் நிறத்தைக் கறுக்கடிக்கும். தண்ணீரும் மெழுகும் சேர்ந்து உருகியதும் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, மூடி போட்டு, ராத்திரி முழுக்க ஆறவிட்டேன். மெதுவாக ஆறினால்தான் அழுக்கு கீழே இறங்கும். காலையில் மெழுகு வட்டமாக மிதக்கும். அதைத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் சாம்பல் நிறச் சேற்றைக் கத்தியால் சுரண்ட வேண்டும். மூடி மெழுகுக்கு ஒரு சுற்று போதும். பழைய அடைக்குத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது.

தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும். நேரடியாக அடுப்பில் வைக்கவே கூடாது. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் மெழுகுப் பாத்திரம் இருக்க வேண்டும். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது, அதனால் மெழுகும் தீப்பிடிக்கும் சூட்டுக்குப் போகாது. அப்படியும் தீப்பிடித்தால் தட்டைப் போட்டு மூடுங்கள். தண்ணீர் ஊற்றினால் எரியும் மெழுகு சமையலறை முழுக்கத் தெறிக்கும்.

அப்புறம் நூல். ஹெம்ப் என்பது கஞ்சாச் செடியின் தண்டுப்பட்டையில் உரிக்கும் நார். பெயரைக் கேட்டதும் வீட்டில் ஒரு பதற்றம் வந்தது. 1985-ம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் கஞ்சா என்று சொல்வது பூக்கும், காய்க்கும் நுனிகளைத்தான். தண்டு நாரில் போதை எதுவும் இல்லை. உத்தராகண்ட் மலைக்கிராமங்களில் இந்த நாரில் கயிறும் கோணியும் செய்வது பழைய வழக்கம். நான் வாங்கியது 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள முறுக்கு நூல், அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. கடையில் வரும் நூலில் பளபளப்புக்காகக் கஞ்சி ஏற்றியிருப்பார்கள். சலவைச் சோடா போட்ட தண்ணீரில் கொதிக்கவைத்து, அலசி, நிழலில் நன்றாகக் காயவைத்தேன். கஞ்சி இருந்தால் மெழுகு உள்ளே இறங்காது.

ஒப்பிட்டுப் பார்க்க மூன்று நூல்களையும் எடுத்துக்கொண்டேன்: பஞ்சு நூல், கடைச் சணல், வயலில் பசுந்தாள் உரத்துக்கு விதைக்கும் சணப்பின் நார். சணலில் மரத்தன்மை அதிகம். எரிந்த பிறகும் நுனியில் கரிக்கட்டி தங்குகிறது, புகையும் உறைப்பாக இருக்கிறது. பஞ்சு சுத்தமாக எரிகிறது, ஆனால் சூட்டில் துவண்டு தொங்கிவிடுகிறது. ஹெம்ப் விறைப்பாக நிற்கிறது. சணப்பு அதற்கு மிகவும் கிட்டத்தில் வருகிறது, அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

பற்றவைக்கும் திரிக்குச் செய்முறை சுலபம். மெழுகை 75 முதல் 80 டிகிரிக்குள் வைத்து நூலை முழுக்க அமிழ்த்த வேண்டும். நூலிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழ் வரும், உள்ளே இருக்கும் காற்றும் ஈரமும் வெளியேறுவது அது. குமிழ் நின்றதும் வெளியே எடுக்க வேண்டும். பால்பவுடர் டப்பாவின் தகர மூடியில் மெல்லிய ஆணியால் ஒரு துளை போட்டு, அதன் வழியாக நூலை ஒரே சீராக இழுத்தால் அதிகப்படி மெழுகு வழிந்துவிடும். நூலின் எடைக்கு ஏறக்குறைய சமமான எடை மெழுகு ஏறியிருந்தால் திரி நன்றாக வேலை செய்கிறது. அதற்குக் குறைந்தால் சுடர் நிற்காமல் கங்காகக் கனன்றுகொண்டே போகும். நம் பெட்டிக்கடைகளில் பீடிக்காரர்களுக்காகத் தொங்கவிடும் தேங்காய் நார்க் கயிறு நாள் முழுக்கக் கனல்வது அப்படித்தான், அதில் மெழுகே கிடையாது. மெழுகு கூடினால் சொட்டும்.

சோதித்துப் பார்த்தவர் கோத்தகிரியில் இருக்கும் என் பெரியப்பா. தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பல வருடமாகச் சுங்கான் பிடிப்பவர். (புகையிலையின் கெடுதல் எந்தத் திரியாலும் குறையாது. இதை அவரிடமும் சொல்லியாகிவிட்டது.) லைட்டர் சுடர் மேல்நோக்கிச் சீறும், சுங்கானின் கிண்ணத்துக்குள் கவிழ்த்தால் புகையிலையின் மேல்பரப்பு கருகிவிடும் என்பது அவர் குறை. தீக்குச்சியில் மருந்து எரிந்து முடியும்வரை பொறுத்திருக்காவிட்டால் கந்தக வாடை உள்ளே போகும். கோவில்பட்டியில் செய்யும் மெழுகுத் தீக்குச்சியையும் பார்த்திருக்கிறார். அதன் தண்டு சுடரைக் கொஞ்ச நேரம் தாங்கும், ஆனால் மருந்து அதிலும் உண்டு.

இந்தத் திரியை முதலில் தீக்குச்சியால் பற்றவைத்துவிட வேண்டும். பிறகு கிண்ணத்துக்கு மேலே படுக்கைவாட்டில் பிடித்து, வாயால் புகையை இழுத்தால் சுடர் தானாகக் கீழே வளைந்து புகையிலை முழுக்கப் பரவும். மெழுகுச் சுடர் மென்மையானது, அவசரப்படுத்தாது. முதல் முறை பற்றியதும் புகையிலை உப்பி எழும்பும். அதைக் குச்சியால் மெல்ல அமுக்கிவிட்டு இரண்டாம் முறை பற்றவைக்க வேண்டும். அந்த இடைவெளியில் திரி கையில் எரிந்துகொண்டே இருப்பது பெரிய வசதி.

“தம்பி, முதல் இழுப்புலயே புகையிலை வாசம் சுத்தமா வருதுடா. ஆனா நுனி கீழ சாஞ்சா சொட்டுது, பாத்துக்க” என்றார்.

“சரி பெரியப்பா, துளையக் கொஞ்சம் சின்னதாக்குறேன்” என்றேன்.

கோத்தகிரியில் இன்னொரு சிக்கலும் வந்தது. மார்கழிக் குளிரில் மெழுகு விறைத்து, திரியைச் சுருட்டினாலே செதில் செதிலாக உதிர்ந்தது. அதே திரி திருநெல்வேலி வெயிலில் விரலில் பிசுபிசுத்தது. கடைசியில் ஊருக்கு ஒரு கலவை என்று ஆகிவிட்டது. மலைக்கு, 20 பங்கு மெழுகுக்கு 1 பங்கு தேங்காய் எண்ணெய். இங்கே, வெறும் மெழுகு. சுவாமிமலை ஸ்தபதிகள் சிலைக்கான மெழுகில் குங்கிலியம் சேர்த்து இறுக்கமாக்குவார்கள். அதைத் திரியில் முயன்று பார்க்க ஆசை வந்தது, மெழுகுவத்திக்காக ஒரு துண்டு செய்தும் பார்த்தேன். திரி அடைத்துக்கொண்டு கரும்புகை கக்கியது. சிலைக்கு நல்லது திரிக்கு ஆகாது.

இனி மெழுகுவத்தி. இங்கேதான் எனக்கு மனசு நின்றது.

பாரஃபின் மெழுகுவத்திக்குப் போதுமான திரி தேன்மெழுகுக்குப் போதாது. தேன்மெழுகு உருகும் சூடு அதிகம், உருகிய பிறகும் கொழகொழப்பாக மெதுவாகத்தான் ஏறும். ஒற்றை 1 மில்லிமீட்டர் நூலை 2 சென்டிமீட்டர் தடிமனுள்ள மெழுகுவத்தியில் வைத்தபோது, திரியைச் சுற்றிச் சின்னக் குழி விழுந்து, சுடர் அதற்குள் மூழ்கி அணைந்தது. ஆறு இழையைச் சேர்த்து முறுக்கியபோது சுடர் ஓங்கி எரிந்து சுவரில் கரி படிந்தது. மூன்று இழையைத் தலைமுடி மாதிரி தட்டையாகப் பின்னியபோதுதான் சரியாக அமைந்தது.

ஏன் பின்னல்? முறுக்கிய திரி நேராக நிற்கும். அதன் நுனி சுடரின் நடுவில், காற்றுப் படாத இடத்தில் இருப்பதால் எரியாமல் கரியாக நீண்டுகொண்டே போகும், அடிக்கடி வெட்டிவிட வேண்டும். பின்னிய திரி எரியும்போது ஒரு பக்கமாக வளையும். நுனி சுடரின் ஓரத்துக்கு வந்து, காற்றும் கடும் சூடும் பட்டுத் தானே சாம்பலாகிவிடும். இதை 1825-ல் பிரான்சில் கம்பாசெரஸ் என்பவர் கண்டுபிடித்தார். அதற்கு முன்னால் வீடுகளில் திரி வெட்டுவதற்கென்றே தனிக் கத்தரி வைத்திருந்தார்கள். எங்கள் சமையலறை மேசையில் அந்தத் திரி கொக்கி போல வளைந்து நின்றதைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மெழுகுவத்தித் திரியை மட்டும் வெங்காரமும் (போராக்ஸ்) உப்பும் கரைத்த தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்துக் காயவைத்தேன். அணைத்த பிறகு நுனி கனன்று புகைவது இதனால் உடனே நிற்கிறது. சுங்கான் திரியில் இதைச் செய்யவே மாட்டேன். இரண்டு திரிகளையும் தனித்தனி டப்பாவில் பெயர் எழுதி வைத்திருக்கிறேன்.

மெழுகுவத்தியை அச்சில் ஊற்றாமல் தோய்த்துத்தான் எடுக்கிறேன். உயரமான எவர்சில்வர் பாத்திரத்தில் மெழுகு 68 முதல் 70 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூடு கூடினால் ஏறியதும் உருகி இறங்கிவிடும், குறைந்தால் முண்டும் முடிச்சுமாக ஏறும். திரியின் அடியில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, முக்கி, எடுத்து, ஆறவைத்து, மறுபடி முக்க வேண்டும். 2 சென்டிமீட்டர் வர 25, 30 முறையாவது ஆகும். எங்கள் ஊரில் இதை விடிவதற்கு முன்பே ஆரம்பித்தால்தான் உண்டு. வெயில் ஏறிவிட்டால் ஒவ்வொரு அடுக்கும் ஆற நெடுநேரம் பிடிக்கும். ஃபேன் போட்டால் ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் இறுகி மெழுகுவத்தி கோணலாகும்.

15 சென்டிமீட்டர் உயரமுள்ளது ஏழெட்டு மணி நேரம் எரிகிறது, ஒழுகுவதில்லை. சுத்தம் போதாத பழைய அடை மெழுகில் செய்தது மட்டும் படபடவென்று பொரிந்து, பாதியில் சுடர் குறுகிவிட்டது. பிசினும் மகரந்தமும் திரியின் இழைகளுக்குள் போய் அடைத்துவிடுகின்றன. அந்த மெழுகை இனி பற்றவைக்கும் திரிக்கும் பயன்படுத்தப்போவதில்லை. மரச்சாமான் மெருகுக்கு ஒதுக்கிவிட்டேன்.

கொட்டாங்குச்சியிலும் ஊற்றிப் பார்த்தேன். வாய் அகலம் என்பதால் ஒரு திரி நடுவில் மட்டும் குழி தோண்டியது. இரண்டு திரி வைத்தபோது மெழுகு ஓரம்வரை உருகியது. ஆனால் கடைசி வரை எரியவிட்டால் ஓடே பற்றிக்கொள்ளும், அதனால் அடியில் இரண்டு விரல் மணல் போட்டு அதன் மேல் ஊற்றுகிறேன்.

அடுத்த வேலை சணப்பு. பக்கத்து ஊரில் ஒருவர் நெல்லுக்கு முன்னால் விதைத்திருக்கிறார், மடக்கி உழுவதற்கு முன்பு ஒரு கட்டுத் தண்டு தருவதாகச் சொன்னார். அதைத் தண்ணீரில் ஊறப்போட்டு, பட்டையை உரித்து, நாரை நானே முறுக்கி, இதே தகர மூடித் துளையில் இழுத்துப் பார்க்க வேண்டும். முறுக்கு எவ்வளவு இறுக்கமாக இருக்கலாம் என்பதைத்தான் முதலில் சோதிக்கப்போகிறேன். இறுக்கினால் மெழுகு உள்ளே ஏறாது, தளர்த்தினால் நார் பிரிந்து சுடர் சிதறும்.