மார்ச் வரை

டிசம்பர் 6, 2024, வெள்ளி

6.3. மூன்று மாதச் சர்க்கரை டெஸ்ட் (HbA1c).

டிசம்பர் 7, சனி

காலையில் நடை. ராத்திரி சோறு கிடையாது. ஒன்பது மணிக்கு மேல் போன் ஹாலிலேயே இருக்கும். மகனிடம் குரலை உயர்த்துவதில்லை. நாலு போதும். ஐந்தாவதாக ஒன்று எழுதி அடித்துவிட்டேன், அது என் கையில் இல்லாத விஷயம். மனசுக்குள் வைத்துக்கொண்டால் தினமும் ஒரு சாக்கு கிடைத்துவிடும். அதனால்தான் எழுத்தில்.

டாக்டர் மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். அதில் ஒட்டின சர்க்கரை அது சாகிறவரை ஒட்டினதுதான். அதனால் முந்தின நாள் பட்டினி கிடந்து ரத்தம் கொடுத்தாலும் இந்த டெஸ்ட் ஏமாறாது. 5.7-லிருந்து 6.4 வரை எல்லைக்கோடு என்கிறார்கள், 6.5 வந்தால் சுகர் பேஷன்ட். நான் எழுதாத நாளிலும் ரத்தம் தன் பாட்டுக்கு ஒரு டைரி எழுதிக்கொண்டிருக்கிறது, அதில் அடித்தல் திருத்தல் கிடையாது.

தெருவில் இன்னும் சேறு. ஃபெங்கல் புயல் ஒரே நாளில் 45 செ.மீ.-க்கு மேல் கொட்டிவிட்டுப் போனது. அந்தத் தண்ணீரில் அம்மா வெறுங்காலோடு நின்றுகொண்டு வாளி வாளியாக இறைத்தாள். நான் மாடியில் அரிசி மூட்டையைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 9

மழை.

டிசம்பர் 10

அம்மாவின் வலது பாதத்தில், கட்டை விரலுக்குக் கீழே, ஏதோ குத்தியிருக்கிறது. சுற்றிலும் வெள்ளையாக ஊறிப்போன தோல். எப்போது ஆச்சு என்றால், "தெரியலையே பாப்பா" என்கிறாள். அந்தத் தெரியலையேதான் வயிற்றைக் கலக்குகிறது. சுகரில் கால் மரத்துப்போயிருக்கிறது, வலித்திருந்தால் அன்றைக்கே பார்த்திருப்பாள்.

நடை உண்டு. சோறு இல்லை. போன் உள்ளே வந்துவிட்டது.

டிசம்பர் 16, மார்கழி 1

பாண்டி பீச் ரோடு. சாயங்காலம் ஆறிலிருந்து காலை ஏழரை வரை வண்டி விடமாட்டார்கள், நடு ரோட்டில் ராணி மாதிரி நடக்கலாம். ரிட்டயர்டு ஆட்கள் குரங்குக் குல்லாயோடு அரசியல் பேசிக்கொண்டே எனக்கு முன்னால் போனார்கள். முந்த முடியவில்லை, அவ்வளவு வேகம். காந்தி சிலையைத் தாண்டி டூப்ளே சிலை வரை போய்த் திரும்பினேன்.

அந்தக்கால பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயைப் பார்த்தால் எனக்கு அவருடைய துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், ஞாபகம்தான் வருகிறது. ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இல் டைரி எழுத ஆரம்பித்தார். கப்பல் வந்தது, சரக்கு விலை, யார் யாரிடம் கோள் சொன்னார்கள், என்ன சகுனம், எல்லாம். 1761 ஜனவரியில் குறிப்பு நிற்கிறது, அதே மாதம் ஊர் இங்கிலீஷ்காரன் கைக்குப் போனது. கால் நூற்றாண்டு! அவர் தன்னைத் திருத்திக்கொள்ள எழுதவில்லை, ஊரைப் பற்றி எழுதினார். அதனால்தான் அத்தனை வருஷம் தாக்குப்பிடித்தது என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 18

21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்று இவர் வாட்ஸ்அப்பில் வந்ததை வாசித்துக் காட்டினார். அது ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் எழுதியது. ஆபரேஷன் ஆனவர்களுக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்றார் அவர், அவ்வளவுதான். லண்டனில் பின்னாளில் ஆட்களை வைத்தே பார்த்தார்கள். சராசரி 66 நாள் வந்தது. சிலருக்கு 18, சிலருக்கு 254 வரை ஆகலாம் என்று கணக்கு. நான் அந்த 254 கோஷ்டி. இதைச் சொன்னேன். "சரி, டீ போடு" என்றார்.

டிசம்பர் 21

சப்பாத்தி. இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபம் இருக்கிறது. நம் ஊரில் சுகர் என்றதும் ராத்திரிக்குச் சப்பாத்தி என்று யார் ஆரம்பித்து வைத்தார்களோ. கோதுமையும் மாவுச்சத்துதான். நாலு சப்பாத்தியும் உருளைக்கிழங்கு குருமாவும் தின்றுவிட்டு "நான் சோறே தொடுறதில்லை" என்று சொல்கிற ஜனம் என் ஆபீசிலேயே இருக்கிறது. ராகிக் கஞ்சியும் அப்படித்தான். களியாக மென்று தின்றாலாவது பரவாயில்லை, மாவைக் கரைத்துக் காய்ச்சிக் குடித்தால் சர்ரென்று ஏறும். டாக்டர் எனக்குச் சொன்னது ரொம்பச் சாதாரணம். தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ, மிச்சக் கால்தான் சோறு. முதலில் காயைத் தின்று முடி, அப்புறம் சோற்றுக்கு வா. சாப்பிட்டு முடித்துப் பத்து நிமிஷம் நட.

சொல்வது சுலபம். கால் பங்கு சோற்றில் நான் ரசத்தை எங்கே ஊற்றுவது?

அம்மா நான் அளந்து போட்டுக்கொள்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தனக்கு இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள். வேண்டுமென்றேதான்.

டிசம்பர் 24

டிரெஸ்ஸிங். அந்த டாக்டர் ஒரு நைலான் நரம்பு மாதிரி எடுத்து, அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்காலில் ஒவ்வொரு இடமாக வைத்து அழுத்தினார். நரம்பு வளைகிறவரை அழுத்துகிறார். "இப்போ தெரியுதாம்மா?" குதிகாலில் தெரிகிறது. நடுப் பாதத்தில் கொஞ்சம். விரல்களுக்குக் கீழே அழுத்தினபோது அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "ஆரம்பிங்க டாக்டர்" என்றாள்.

டிசம்பர் 31

புது வருஷ சபதம் எதுவும் இல்லை. இருப்பதே போதும்.

ஜனவரி 3, 2025

போன் ஹாலில்தான் இருந்தது. பதினொன்றரை வரை நானும் ஹாலில்தான் இருந்தேன்.

ஜனவரி 14, பொங்கல்

சர்க்கரைப் பொங்கல், இரண்டு கரண்டி, நெய் மிதக்க. இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தேன். 171. 140-க்குள் இருக்கணும். "பொங்கலன்னிக்கு எவளாவது குத்திப் பாப்பாளா?" என்று இவர் சிரித்தார். மகனும் விரலை நீட்டினான், அவனுக்கு 104. பதினேழு வயசு. கரும்பு வேறு கடித்திருந்தான்!

அம்மா விரலை நீட்டவில்லை.

ஜனவரி 20

அம்மாவுக்கு எம்சிஆர் செருப்பு வாங்கிவந்தேன், சுகர்காரர்களுக்கான மெத்து ரப்பர் செருப்பு. வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. கடையில் அந்தக் கறுப்பு ரப்பரை விரலால் அழுத்திப் பார்த்தேன், அமுங்கி மெதுவாக எழும்புகிறது. பார்க்கத்தான் லட்சணமில்லை. பட்டை பட்டையாக, பின்னால் ஒரு வார். பார்த்ததும் அம்மா முகம் போன போக்கு.

"வீட்டுக்குள்ள செருப்பா? லட்சுமி நிப்பாளா?"

பேசிப் பேசி ஒரு ஒப்பந்தத்துக்கு வந்திருக்கிறோம். இது வெளியே போகாது, வீட்டுக்கு மட்டும். சாமி அறைக்கு முன்னால் கழற்றலாம், அங்கே பாய் விரித்திருக்கும். அடுப்படி பற்றி இன்னும் முடிவாகவில்லை. அடுப்படி வாசலில் செருப்பு கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெற்றி சூடாகிறது. என் நாலு விஷயத்தில் "மகனிடம்" என்றுதான் எழுதியிருக்கிறது, அம்மாவிடம் என்று எழுதவில்லை.

ஜனவரி 27

நடை, நடை, நடை. சொல்ல ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறது.

பிப்ரவரி 2

மாடல் எக்ஸாம் கெமிஸ்ட்ரி பேப்பர் வந்தது. நாலாவது இன்று இல்லை.

பிப்ரவரி 3

அவன் என்னோடு பேசவில்லை. தோசையை மட்டும் வாங்கிக்கொண்டான்.

பிப்ரவரி 11, தைப்பூசம்

ராத்திரி படுப்பதற்கு முன் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து, அம்மா பாதத்தை அதன் மேல் தூக்கிப் பிடிக்க, நான் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். விரல் இடுக்கு, குதிகால் வெடிப்பு, எல்லாம். வெந்நீரில் காலை விடும் முன் என் முழங்கையை விட்டுப் பார்க்கிறேன். புண் ஓரம் ரோஸ் நிறத்தில் கிளம்பியிருக்கிறது. நல்ல அறிகுறியாம். ஒன்பது மணிக்கு இந்த வேலை இருப்பதால் போன் எங்கே என்றே கவனம் இல்லை.

பிப்ரவரி 19

மூடிவிட்டது. இனி டிரெஸ்ஸிங் வேண்டாம், செருப்பு மட்டும் ஆயுசுக்கும் என்றார் டாக்டர். "ஆயுசுக்குமா?" என்று அம்மா என்னைப் பார்த்தாள், நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்கிற மாதிரி.

பிப்ரவரி 27

தூக்கம் வரவில்லை. 6.5 வந்தால்? இத்தனைக்குப் பிறகும் ஏறியிருந்தால்? ஏறக்கூடும். உடம்புவாகு, பரம்பரை, வயசு, தூக்கம், எதை நான் மாற்ற? எடையே கொஞ்சம்தான் இறங்கியிருக்கிறது. 44 வயசில் அம்மா மாத்திரை போட ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மயக்கமாக விழுந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது, எல்லைக்கோடு, 6.3 என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ரேஷன் அரிசிச் சோறும் குழம்பும்தான் சாப்பாடு. தட்டில் பாதி காய் என்று அப்போது யாராவது வந்து சொல்லியிருந்தால் காய்க்குக் காசு யார் கொடுப்பார்கள் என்று கேட்டிருப்பாள். எனக்குச் சொல்கிறார்கள், எனக்குக் காசும் இருக்கிறது. அந்த இன்னொரு கரண்டிச் சோற்றுக்கு நான் அவளை முறைத்தேன்.

மணி இரண்டு. நாளைக்கு நடை சந்தேகம்.

பிப்ரவரி 28

போனேன். டூப்ளே வரை இல்லை, காந்தி வரை.

மார்ச் 8

கெடு முடிந்துவிட்டது. போகவில்லை. மாத முதல் வாரம், ஆபீசில் கணக்கு முடிக்கிற வேலை.

மார்ச் 10

லேபில் கேட்டேன். இந்த டெஸ்ட்டுக்கு வெறும் வயிறு வேண்டாமாம், சாப்பிட்டுவிட்டே வரலாம். ஆனால் டாக்டர் சீட்டில் பாஸ்டிங்கும் எழுதியிருக்கிறது, அதற்கு வேண்டும். இரண்டையும் ஒரே குத்தில் எடுத்துவிடலாம் என்றாள் அந்தப் பெண். அம்மாவுக்கும் சேர்த்து எடுக்க எவ்வளவு என்று கேட்டுவைத்தேன்.

மார்ச் 12, மாசி மகம்

ஊருக்கு லீவு. வைத்திக்குப்பத்தில் தீர்த்தவாரி, சுற்றுப்பட்டு ஊர்ச் சாமியெல்லாம் கடலுக்கு வந்து நிற்கிறது. அம்மா வருஷம் தவறாமல் கடலில் கால் நனைப்பாள். இந்த வருஷம் கூடாது என்றேன். மணலில் என்ன கிடக்கும் என்று தெரியாது, சிப்பி, ஊக்கு, பாட்டில் சில்லு. புண் மூடி எத்தனை நாள் ஆச்சு என்று கேட்டேன். "சாமியே எறங்குது, நான் எறங்கக் கூடாதா" என்றாள். அத்தனை கூட்டத்தில் இரண்டு பேரும் சண்டை போட்டோம். கடைசியில் மகன் சொம்பை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்க் கடல் தண்ணீர் மொண்டுவந்து அவள் தலையில் ஊற்றினான். அம்மா எம்சிஆர் செருப்போடு சாமி பார்த்தாள். புடவையெல்லாம் உப்பு.

லேபுக்கு நாளை காலை ஏழு மணிக்கு, இரண்டு பேரும். அம்மா சரி என்றிருக்கிறாள், காலையில் என்ன சொல்வாளோ. எட்டு மணி நேரமாவது வயிறு காலியாக இருக்கணும். மணி ஒன்பதாகப் போகிறது, இன்னும் சாப்பிடவில்லை. அவரைக்காய் நறுக்கணும்.