ரௌடின்னு பேர் வச்சது நாங்கதான்

எங்க ஷெல்டர் நாய் ரௌடிக்கு ஒரு நிரந்தர வீடு கிடைச்சிடுச்சு. இத டைப் பண்ணும்போது வீடு அநியாயத்துக்கு அமைதியா இருக்கு, வாசல்ல கிடக்கற செருப்பு ரெண்டும் ஜோடியா அதே இடத்துல இருக்கு, அஞ்சு மாசமா நான் பாக்காத காட்சி அது.

மொதல்ல பேர பத்தி சொல்லிடறேன். ஷெல்டருக்கு, அதாவது வீடில்லாத நாய்ங்கள வச்சு பாத்துக்கற காப்பகத்துக்கு, வந்த அன்னிக்கே தண்ணி கிண்ணத்த கவுத்துட்டு, தொடைக்க வந்த வாலண்டியர் கையில இருந்த துணிய புடுங்கிட்டு மூணு ரவுண்டு ஓடினாளாம். யாரோ சிரிச்சுக்கிட்டே "சரியான ரௌடி"ன்னு சொல்ல, அதையே ஒரு அட்டைல எழுதி கூண்டுல மாட்டிட்டாங்க. விளையாட்டா வச்ச பேருதான். ஆனா நாய் பாக்க வர்றவங்களுக்கு அந்த விளையாட்டு எப்படி தெரியும்? ரௌடின்னு அட்டை, பின்னாடி கம்பி மேல பாய்ஞ்சு பாய்ஞ்சு குரைக்கற ஒரு நாய், காது ரெண்டும் கத்தி மாதிரி நிக்குது. பக்கத்து கூண்டுல சுருண்டு படுத்திருக்கற நாய்கிட்ட போயிடுவாங்க.

அந்த குரைப்பு கோவமே இல்லைங்க. கம்பிக்கு அந்த பக்கம் மனுஷங்க, இந்த பக்கம் அவ, கிட்ட போகவும் முடியல தொடவும் முடியல, அந்த ஆத்தாமைதான். ட்ரெயினர்ங்க இதுக்கு பேரியர் ஃப்ரஸ்ட்ரேஷன்னு ஒரு பேரு வச்சிருக்காங்க. கதவ தொறந்து விட்டா நம்மள சுத்தி சுத்தி ஓடுவா, மேல தாவுவா, பத்து நிமிஷம் கழிச்சு வந்து கால் மேல மொத்த வெயிட்டையும் போட்டு சாஞ்சுக்குவா. அந்த பத்து நிமிஷம் நிக்கத்தான் யாருக்கும் பொறுமை இல்ல.

ஷெல்டர்ல அவளுக்கு தூக்கமும் கிடையாது. ராத்திரி ஒரு நாய் குரைச்சா எல்லாம் குரைக்கும். நாய்ங்கறது ஒரு நாளைக்கு 12, 14 மணி நேரம் தூங்க வேண்டிய ஜீவன், அதுல பாதி கிடைக்காம இருந்தா நீங்களும் நானும் கூட கம்பிய கடிப்போம். அரிசோனா ஸ்டேட் யுனிவர்சிட்டி ஆராய்ச்சியாளர்கள் 2019ல ஒரு பேப்பர் போட்டாங்க, ஷெல்டர் நாய்ங்கள ஒண்ணு ரெண்டு ராத்திரி ஒரு வீட்ல தங்க வச்சா கார்டிசால்ங்கற ஸ்ட்ரெஸ் ஹார்மோன் குறையுது, திரும்ப கொண்டு வந்து விட்டா பழையபடி ஏறிடுதுன்னு. அத படிச்ச பிறகுதான் நான் ஃபாஸ்டர் பண்றேன்னு, அதாவது நிரந்தர வீடு கிடைக்கற வரைக்கும் என் வீட்ல வச்சுக்கறேன்னு, கை தூக்கினேன். அதுக்குள்ள ரெண்டு வீட்டுக்கு தத்து போய் ரெண்டு தடவை திரும்பி வந்துட்டா.

மொத வீட்ல நாலு நாள். சோபா போச்சு. ரெண்டாவது வீட்ல மூணு வாரம், "குழந்தைய கடிச்சிடுச்சு"ன்னு கொண்டு வந்து விட்டாங்க. கடிக்கல, குழந்தை ஓடினப்ப பின்னாடி ஓடி சட்டை கையை வாயில புடிச்சு இழுத்திருக்கா, தோல்ல ஒரு கீறல் இல்ல. ஆனா குழந்தை விழுந்து அழுதிருக்கு, பெத்தவங்களுக்கு பக்குனு இருக்காதா? அவங்கள நான் குத்தம் சொல்லவே மாட்டேன். ஏன்னா அவங்ககிட்ட நாங்க சொன்னது என்ன? "பாசமானவள், சுறுசுறுப்பானவள், குழந்தைகளுடன் நன்றாகப் பழகுவாள்." அவளுக்கு வீடு தேடி போட்ட அந்த போஸ்ட எழுதினது நான்தான். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்னு சொல்லுவாங்கல்ல, அது நாய் விஷயத்துல எடுபடாது, நாலே நாள்ல சோபா எல்லாத்தையும் சொல்லிடும்.

சரி, எங்க வீட்டுக்கு வந்தா. மொதல் தப்பு நான் பண்ணினது, "இதுக்கு எனர்ஜி ஜாஸ்தி, களைக்க வச்சா சரியாயிடும்"னு நினைச்சது. காலைல ஒரு மணி நேரம் ஓட்டம், சாயங்காலம் ஒரு மணி நேரம் பந்து. ஒரு மாசத்துல என்ன ஆச்சுன்னா எனக்கு முட்டி வலி, அவளுக்கு ஒலிம்பிக் போற உடம்பு. முன்ன ஒரு மணி நேரத்துல களைச்சவ இப்ப ரெண்டு மணி நேரம் ஆனாலும் பந்த வாயில வச்சுக்கிட்டு கண்ண சிமிட்டாம நிக்கறா, வீட்டுக்கு வந்தும் மூச்சு எறங்கல, செவுத்துல விழற நிழல துரத்தறா. அப்பதான் ஒரு ட்ரெயினர் சொன்னாங்க, "நீங்க அவள களைக்க வைக்கலங்க, சூடேத்திட்டு இருக்கீங்க"ன்னு.

பந்த தூக்கி அலமாரில வச்சேன். வாக்கிங்க மெதுவாக்கினேன், நீளமான லீஷ் (கழுத்துக் கயிறு) போட்டு அவ எங்க மோந்து பாக்கணுமோ அங்க நிக்கறது, ஒரே புல்லுக்கிட்ட அஞ்சு நிமிஷம் நின்னாலும் இழுக்கறதில்ல. நாய் மூக்குல வாசனை பிடிக்கற செல்லு 30 கோடி வரைக்கும் இருக்கும்னு சொல்றாங்க, நமக்கு சுமாரா 60 லட்சம்தான். அந்த மூக்குக்கு வேலை குடுத்தா இருவது நிமிஷத்துல அவ களைச்ச மாதிரி ரெண்டு மணி நேர பந்துல களைக்கலங்கறத கண்ணால பாத்தேன். சாப்பாட்ட தட்டுல வைக்கறத விட்டுட்டு புல்லுல தூவி தேட விட்டேன், துண்டுல சுருட்டி குடுத்தேன், அட்டைப்பெட்டிக்குள்ள ஒளிச்சு வச்சேன். வீடு பூரா அட்டை குப்பை, அது பரவால்ல. அப்புறம் ஒரு பாய் மாதிரி மெத்தை போட்டு, அதுல போய் படுத்தா சத்தமில்லாம ஒரு துண்டு தீனி, அவ்ளோதான். சும்மா இருக்கறதுன்னு ஒண்ணு இருக்குன்னே அவளுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல போல. சும்மா இருக்க கத்துக்கறது மனுஷனுக்கே கஷ்டம்.

நடுவுல அறிவுரைக்கு பஞ்சமே இல்ல. "நீதான் ஆல்ஃபா, கூட்டத்துக்கே தலைவன்னு காட்டணும், மல்லாக்க தள்ளி அமுக்கிப் பிடி, அடங்கிடும்"னு ஒருத்தர் வீட்டுக்கே வந்து சொன்னார். இந்த ஆல்ஃபா கதை எங்கேருந்து வந்துச்சுன்னா, 1947ல ருடால்ஃப் ஷெங்கல்ங்கறவர் கூண்டுல அடைச்ச ஓநாய்ங்கள பாத்து எழுதினதுலேருந்து. அத பின்னாடி பரவலாக்கினவர்ல முக்கியமானவர் ஓநாய் ஆராய்ச்சியாளர் டேவிட் மெக், அவரே 1999ல, காட்டுல ஓநாய் கூட்டம்னா அப்பா அம்மா புள்ளைங்க இருக்கற ஒரு குடும்பம், சண்டை போட்டு ஜெயிச்ச தலைவன்லாம் இல்லைன்னு எழுதிட்டார். அவரே கைவிட்டத நம்ம ஆளுங்க இன்னும் விடல. வந்தவர்கிட்ட இதெல்லாம் சொல்லல, காபி குடுத்து அனுப்பிட்டேன்.

இன்னொண்ணு, வயசு. ரெண்டு வீட்லேருந்தும் அவ திரும்பினது எட்டு ஒம்போது மாசத்துல. இங்கிலாந்துல நியூகாசில் யுனிவர்சிட்டில 2020ல வெளியிட்ட ஆய்வுல, அஞ்சு மாசத்துல உக்காருன்னா உக்காந்த நாய், எட்டு மாசம் ஆனதும் வளக்கறவங்க சொல்றத கேக்காம டிமிக்கி குடுக்குதாம், ஆனா வேத்து ஆள் சொன்னா கேக்குதாம். இத படிச்சதும் எனக்கு சிரிப்பு வந்துடுச்சு, விருந்தாளி முன்னாடி நல்ல புள்ளையா நடிக்கற எல்லா பசங்களும் ஞாபகத்துக்கு வந்தாங்க.

நாலாவது மாசம் புது போஸ்ட் எழுதினேன், இந்த தடவை ஒண்ணையும் மறைக்கல. சந்தோஷம் வந்தா மேல தாவுவா. ஓடற குழந்தைய துரத்துவா, அதனால சின்ன பசங்க இருக்கற வீடு வேண்டாம். செருப்பு ஒண்ண மட்டும் தூக்கிட்டு வந்து வாசல்ல உங்கள வரவேற்பா, அது பாசம். தனியா அஞ்சு மணி நேரத்துக்கு மேல விட்டா உங்க மெத்தைக்கு நான் பொறுப்பில்ல. மழை சத்தம் கேட்டா வந்து மடில ஏறுவா, அவ மடில அடங்கற சைஸ் இல்ல. ராத்திரி ஒம்போதுக்கு தூங்கினா அசையவே மாட்டா.

பழைய போஸ்டுக்கு ஃபோன் வந்துகிட்டே இருந்துச்சு, இதுக்கு வந்தது மொத்தமே ஆறு. ஒருத்தர் "எங்க தோட்டம் ரொம்ப பெருசு, அதுவா ஓடிக்கும்"னார். எந்த நாயும் தோட்டத்துல தனியா உடற்பயிற்சி பண்ணாதுங்க, வாசல்ல உக்காந்து நீங்க எப்ப வெளிய வருவீங்கன்னு பாத்துட்டு இருக்கும். இன்னொருத்தருக்கு காவலுக்கு கட்டிப் போட நாய் வேணுமாம், அந்த பேச்ச ரெண்டு நிமிஷத்துல முடிச்சேன். மாரத்தான் ஓடற பையன் ஒருத்தன், நல்ல பையன், ஆனா தினம் பத்து மணி நேரம் ஆபீஸ். மனசில்லாமதான் வேண்டாம்னேன்.

கடைசியா கூப்பிட்டது ரிட்டயர் ஆன ஒரு டீச்சர். அறுவது தாண்டினவங்க, மாடில சின்ன ஃப்ளாட். சத்தியமா மனசுக்குள்ள அப்பவே கோடு போட்டுட்டேன், இவங்களுக்கு ஆகாதுன்னு. எல்லாரும் கேட்டது "வேற என்ன என்ன பண்ணும்?" இவங்க கேட்டது, "தம்பி, அவ எப்பெல்லாம் அமைதியா இருப்பா, அத சொல்லுங்க."

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரல. அப்புறம் சொன்னேன், மோந்து பாத்துட்டு வந்தா, கடிக்க ஏதாவது குடுத்தா, நீங்க பக்கத்துல உக்காந்து படிச்சா. அவங்க சிரிச்சாங்க. "முப்பது வருஷம் எட்டாம் வகுப்பு எடுத்திருக்கேன். கடைசி பெஞ்சுல ஆட்டம் போடற புள்ளைக்கு டஸ்டர எடுத்துட்டு வான்னு ஒரு வேலை குடுத்தா போதும், அன்னிக்கு பூரா பிரச்சனை இருக்காது. இவளும் அந்த கேஸ்தானே?"

"அதே கேஸ்தான் டீச்சர்."

நேர்ல வந்தாங்க. ரௌடி தாவினா, அவங்க திட்டல, தள்ளல, திரும்பி நின்னுக்கிட்டாங்க. நாலு காலும் தரைல பட்டதும் குனிஞ்சு பேசினாங்க. மூணு தடவை, அவ்ளோதான், நாலாவது தடவை உக்காந்துட்டா. நான் அத சொல்லிக் குடுக்க ஆறு வாரம் ஆச்சுங்கறத அவங்ககிட்ட சொல்லல.

ரெண்டு வாரம் சோதனைக்கு வச்சுக்கட்டும்னு பேசி அனுப்பினேன். மூணு நாள் பயம், மூணு வாரம் பழக்கம், மூணு மாசம் ஆனாதான் சொந்த வீடுன்னு ரெஸ்க்யூ ஆளுங்க ஒரு கணக்கு சொல்லுவாங்க, அத ஒரு பேப்பர்ல எழுதியும் குடுத்தேன். சோதனை முடிஞ்சும் தகவல் இல்ல, நானா கேக்க பயம். மூணாவது வாரம் காலங்காத்தால ஃபோன், டீச்சர். சரி, திரும்பி வர்றான்னு முடிவே பண்ணிட்டு எடுத்தேன்.

"தம்பி, மூக்குக்கண்ணாடிய கடிச்சுட்டா."

"சாரி டீச்சர், நான் வேணா இன்னிக்கே வந்து..."

"வந்து என்ன பண்ண போறீங்க? கண்ணாடிய நான் மாத்திக்கறேன். கூப்பிட்டது அதுக்கில்ல, அவள ரோசின்னு கூப்பிட்டு பாத்தேன், அதுக்கும் திரும்பறா. பேப்பர்ல பேர மாத்தித் தர முடியுமா?"