ஞானஸ்நானத் தொட்டியருகே ஒரு பெயர்த் தகராறு

என் தங்கை மகனுக்குப் பெயர் வைப்பது பற்றிய பேச்சு எங்கள் வீட்டில் மூன்று வாரங்களாக ஓயவில்லை. பெற்றவர்கள் இருவரும் ஒரு பெயரை முடிவு செய்துவிட்டார்கள். ஆனால் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு குறை தெரிகிறது. இந்த இழுபறியைப் பார்க்கும்போதெல்லாம், 1819 ஜூன் 24 அன்று லண்டன் கென்சிங்டன் அரண்மனையில் நடந்த, பின்னாளில் பிரிட்டனின் ராணியான ஒரு பெண்குழந்தையின் ஞானஸ்நானம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

குழந்தைக்கு அப்போது ஒரு மாதம். தந்தை கென்ட் கோமகன் எட்வர்ட், மன்னர் மூன்றாம் ஜார்ஜின் நான்காவது மகன். ஜார்ஜியானா, சார்லட், அகஸ்டா, அலெக்ஸாண்ட்ரினா, விக்டோரியா என்று பெற்றோர் ஒரு பட்டியலே வைத்திருந்தார்கள். ஆனால் மன்னருக்குப் பதிலாக ஆட்சிப் பொறுப்பில் இருந்த அண்ணன் ஜார்ஜ் அதற்கு இசையவில்லை. ஜார்ஜியானா என்பது அவருடைய பெயரின் பெண்வடிவம். ஞானத்தந்தையான ரஷ்யப் பேரரசர் அலெக்ஸாண்டரின் பெயருக்கு முன்னால் தன் பெயரை வைக்க விருப்பமில்லை, பின்னால் வைக்கவோ சம்மதமில்லை என்று அவர் சொல்லிவிட்டார். சார்லட் என்பது, ஒன்றரை ஆண்டுக்கு முன் பிரசவத்தில் இறந்துபோன அவருடைய ஒரே மகளின் பெயர். அவள் உட்கார வேண்டிய அரியணைக்கு உரிமையோடு பிறந்திருக்கும் தம்பி மகளுக்கு அதே பெயரையும் கொடுக்க அந்தத் தகப்பனுக்கு மனம் வரவில்லை என்றால், அவரை முழுக்கக் குறை சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.

கேன்டர்பரி பேராயர் குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு, என்ன பெயர் என்று கேட்டு நிற்கிறார். 'அலெக்ஸாண்ட்ரினா' என்கிறார் ஜார்ஜ். இன்னொரு பெயரும் வேண்டும் என்று தந்தை கேட்டு, எலிசபெத் என்று சொல்லிப் பார்க்கிறார், அதுவும் எடுபடவில்லை. கடைசியில், தாயின் பெயரையே வையுங்கள், ஆனால் அது பேரரசரின் பெயருக்கு முன்னால் வரக்கூடாது என்று உத்தரவாகிறது. இப்படி, வேறு எதற்கும் அனுமதி கிடைக்காததால் ஒட்டிக்கொண்ட பெயர்தான் விக்டோரியா. சிறுவயதில் அவளை வீட்டில் 'ட்ரீனா' என்றுதான் கூப்பிட்டார்கள். விக்டோரியா என்ற பெயர் ஆங்கிலேயர் காதுக்கு அந்நியமாக இருக்கிறது என்று, பின்னர் மன்னர் நான்காம் வில்லியம் காலத்தில், சார்லட் அல்லது எலிசபெத் என மாற்றிவிடும் யோசனைகூட எழுந்தது. 1837இல் பட்டத்துக்கு வந்தவுடன் அவர் அலெக்ஸாண்ட்ரினாவைக் கைவிட்டு, விக்டோரியாவை மட்டும் வைத்துக்கொண்டார்.

இவ்வளவு பட்டவர் தன் வாரிசுகளின் பெயரில் தலையிடாமல் இருந்திருப்பார் என்று நினைத்தால், மாமியாரான மருமகள்களை நாம் பார்த்ததில்லை என்று பொருள். கணவர் ஆல்பர்ட் 1861 டிசம்பர் 14 அன்று இறந்தபின், சந்ததியில் பிறக்கும் ஆண்கள் எல்லாரும் அந்தப் பெயரைச் சுமக்க வேண்டும் என்பது ராணியின் பிடிவாதமாயிற்று. 1864இல் மூத்த மகனுக்குப் பிறந்த குழந்தைக்கு ஆல்பர்ட் விக்டர் என்று பெயர். அந்தச் செய்தி ராணியின் ஆறு வயது மகள் பியாட்ரிஸ் வாயிலாக வெளியே கசிந்து, பெற்றோரை எரிச்சலூட்டியது என்பார்கள். 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்தது என்று சொல்லும் நமக்கு ராணியின் ஆசை புரியாததல்ல.

1895இல் நிலைமை இன்னும் சிக்கலாயிற்று. கொள்ளுப்பேரன் ஒருவன், குடும்பமே துக்கம் காக்கும் அதே டிசம்பர் 14 அன்று பிறந்துவிட்டான். ராணி வருத்தத்தில் இருக்கிறார் என்று தெரிந்ததும், ஆல்பர்ட் என்ற பெயரை அவரிடமே கேட்டு வைத்துவிடும்படி குழந்தையின் தாத்தா தன் மகனுக்கு அறிவுரை சொன்னார். அந்த யுக்தி பலித்தது. மனம் குளிர்ந்த ராணி, ஞானஸ்நானப் பரிசாக இறந்த கணவரின் மார்பளவுச் சிலையைக் கொடுத்தார்.

ஆனால் அறிவுரை சொன்ன அந்த மூத்த மகன் ஆல்பர்ட் எட்வர்ட், 1901இல் அரியணை ஏறியபோது, ஆல்பர்ட் என்றால் மக்கள் தன் தந்தை ஒருவரையே நினைக்கட்டும் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, ஏழாம் எட்வர்ட் ஆனார். டிசம்பர் 14 அன்று பிறந்த கொள்ளுப்பேரனும் 1936இல் மன்னரானபோது ஆறாம் ஜார்ஜ் என்ற பெயரையே தேர்ந்தெடுத்தார். இங்கிலாந்துக்கு இன்றுவரை ஆல்பர்ட் என்றொரு மன்னர் வாய்க்கவில்லை.

2015 மே 2 அன்று பிரிட்டன் இளவரசர் வில்லியம், கேத்தரின் தம்பதிக்குப் பிறந்த மகளுக்கு சார்லட் எலிசபெத் டயானா என்று பெயரிட்டார்கள். 1819இல் தொட்டியருகே மறுக்கப்பட்ட இரண்டு பெயர்கள் அதில் அடுத்தடுத்து நிற்கின்றன.