ஒரு லிட்டர் பீப்பாயும் ஆனிச் சாரலும்

கப்பலில் பார்டெண்டர் வேலை. விடுப்பு என்றால் குளச்சல் வீட்டில் மீனும் மரச்சீனியும் தின்று படுத்துக் கிடப்பதுதான் வழக்கம். இந்த முறை பெட்டிக்குள் சட்டைகளுக்கு நடுவே ஒரு லிட்டர் ஓக் மரப் பீப்பாயும் வந்தது, நெக்ரோனி என்ற காக்டெயிலை அதில் ஊறவைத்துப் பார்க்க. ஒருவர் 2 லிட்டர் மதுதான் வரியில்லாமல் கொண்டுவரலாம் என்பதால் ஜின் ஒரு லிட்டர், கம்பாரி என்ற கசப்பு மது ஒரு லிட்டர் என என் கணக்கு முடிந்தது. மூலிகை சேர்த்த வைனான இனிப்பு வெர்மூத்தை அடுத்த வாரம் ஊருக்கு வந்த கூட்டாளி கொண்டுவந்தான். நெக்ரோனிக்கு இந்த மூன்றும் சம அளவு, ஒவ்வொன்றும் 330 மில்லி. எலுமிச்சைச் சாறு, பால், முட்டை சேரும் எதையும் பீப்பாயில் ஊற்றக் கூடாது; கெட்டுப்போகும்.

சரிபார்க்கத் தண்ணீர் ஊற்றியதும் எல்லா இடுக்கிலும் ஒழுகியது. நான் பதறிப்போய்ப் பசை தேடினேன். அப்பா திண்ணையை விட்டு எழும்பவில்லை.

“கரையில காயப்போட்ட வள்ளத்த இறக்குனா மொத நாள் தண்ணி கோராம முடியுமா மக்கா? மரம் குடிக்கட்டும்.”

வெந்நீர் நிரப்பி, குறையக் குறைய ஊற்றினேன். இரண்டாம் நாள் இரவு ஒழுக்கு நின்றது. பலகை உப்பி, இரும்பு வளையத்துக்குள் தானே இறுகிக்கொள்கிறது. வள்ளம் கட்டுகிற ஓடாவிகளுக்குத் தெரிந்த விஷயம். எனக்குத்தான் இத்தனை வருடம் பாருக்குப் பின்னால் நின்றும் தெரியவில்லை.

காக்டெயிலைப் பீப்பாயில் ஊறவைக்கும் பழக்கத்தை 2010 வாக்கில் பிரபலமாக்கியவர் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் பார் நடத்திய ஜெஃப்ரி மார்கன்தாலர். அங்கே பெரிய பீப்பாய், குளிர்ந்த ஊர், வாரக்கணக்கில் காத்திருப்பு. என்னுடையதோ கைக்குழந்தை அளவு. பீப்பாய் சிறுக்கச் சிறுக்க, உள்ளே இருக்கிற ஒவ்வொரு சொட்டுக்கும் கிடைக்கும் மரம் கூடும். அதோடு நம்மூர்ச் சூடு. முதலில் பரணில் வைத்தேன், மொட்டை மாடி வெக்கை நேரே இறங்குகிற இடம். அப்புறம் புத்தி வந்து அடுக்களை மூலைக்கு மாற்றினேன்.

ஆனிச் சாரலில் பானைக் கருப்பட்டி கசிகிற அளவுக்குக் காற்றில் ஈரம். வறண்ட ஊரில் பீப்பாயிலிருந்து தண்ணீர்தான் அதிகம் ஆவியாகும். ஈரக்காற்றில் தண்ணீர் தங்கி, சாராயம் முந்திக்கொண்டு போகும். மூலையில் எந்நேரமும் ஆரஞ்சுத் தொலி வாடை. அம்மா இரண்டு நாள் முறைத்தார், பிறகு ஜன்னலைத் திறந்து வைத்தார்.

தினமும் ஒரு கரண்டி ருசி பார்த்தேன். ஒன்பதாம் நாள் கம்பாரியின் கசப்பு முனை மழுங்கி, வெனிலா வாசம் எட்டிப் பார்த்தது. உட்புறம் கரிய வாட்டிய ஓக் தருகிற வாசம் அது. அன்றைக்கே வடித்திருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்ற பேராசையில் அப்படியே விட்டு, மார்த்தாண்டத்தில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய் ஐந்து நாள் தங்கிவிட்டேன். திரும்பி வந்து குடித்தால் பலகையை நக்கிய மாதிரி துவர்ப்பு. மீதமிருந்த மூன்றையும் புதிதாகக் கலந்து, பாதிக்குப் பாதி சேர்த்து ஒருவழியாகக் காப்பாற்றினேன்.

காலிப் பீப்பாயைக் காயவிட்டால் மறுபடி ஒழுகும். அதனால் ரம் ஊற்றி வைத்தேன். கப்பலுக்குக் கிளம்புகிற அன்று தட்டிப் பார்த்தால் பாதிதான் இருந்தது. கிறிஸ்துமஸ் கேக்குக்கு உலர்திராட்சை ஊறப்போட்டதாக அம்மா சொல்கிறார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை.