மாற்றாக வந்த ஹார்ட் டிஸ்க் ஃபார்மேட் ஆக மறுத்தபோது

அம்பாசமுத்திரத்தில் அத்தான் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை என்று சுற்றுவட்டாரத்துக் குடும்பங்களின் படமும் வீடியோவும் அங்கே உபுண்டு என்ற லினக்ஸ் ஓடும் ஒரு மெஷினில் இருக்கின்றன. அதிலிருந்த 4 டிபி ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போய், வாரண்டியில் வேறொன்று மாற்றிக் கொடுத்தார்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணியில் வெள்ளம் வந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் இன்னொரு பிரதியை வீட்டு மாடியில் வைப்பது அத்தானின் பழக்கம். அதனால் படங்கள் தப்பித்தன. புது டிஸ்க்கைத் தயார் செய்து அவற்றைத் திரும்ப ஏற்றுவதுதான் என் வேலை.

முதலில், டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் டிஸ்க்கின் அளவையும் சீரியல் எண்ணையும் பார்த்து, லேபிளில் இருப்பதோடு ஒப்பிட்டேன். மெஷின் டிஸ்க்குக்கு வைக்கும் எஸ்டிபி என்ற பெயரை மட்டும் நம்பி எதையும் அழிக்கக் கூடாது. அடுத்த முறை மெஷினை ஆன் செய்யும்போது அந்தப் பெயர் வேறு டிஸ்க்குக்குப் போய்விடலாம். அப்புறம் டிஸ்க்கைப் பார்ட்டிஷன்களாக, அதாவது பகுதிகளாக, பிரிக்கும் பார்ட்டட் கருவியில், அந்தப் பகுதிகளைக் குறித்துவைக்கும் ஜிபிடி அட்டவணை போட்டேன். பழைய எம்பிஆர் முறை, 512 பைட் செக்டார் (டிஸ்க்கில் எழுதும் மிகச் சிறிய துண்டு) கணக்கில், சுமார் 2.2 டிபிக்கு மேல் எட்டாது. 4 டிபிக்கு ஜிபிடிதான் சரி. முழு டிஸ்க்கையும் ஒரே பார்ட்டிஷனாக்கினேன்.

அங்கேதான் சிக்கல் தொடங்கியது. அட்டவணையை எழுதியாயிற்று, ஆனால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குத் தெரிவிக்க முடியவில்லை, ரீபூட் செய்யுங்கள் என்று பார்ட்டட் சொன்னது. ரீபூட் செய்தேன். பார்ட்டிஷன் தெரிந்தது. அதில் ஈஎக்ஸ்டி4 என்ற ஃபைல்சிஸ்டம், அதாவது ஃபைல்களை அடுக்கிவைக்கும் அமைப்பு, போடப் போனால், இது ஏற்கெனவே சிஸ்டத்தின் உபயோகத்தில் இருக்கிறது, இங்கே ஃபைல்சிஸ்டம் உருவாக்க மாட்டேன் என்று அதைப் போடும் எம்கேஎஃப்எஸ் கட்டளை நின்றுவிட்டது. பயன்பாட்டுக்கு இணைத்தவற்றைக் காட்டும் மவுண்ட் பட்டியலில் அந்தப் பார்ட்டிஷன் இல்லை. நினைவகத்துக்குத் துணையான ஸ்வாப்பாகவும் இல்லை.

“மாப்ள, இதுவும் கெட்டதத்தான் குடுத்துட்டானுவளோ?” என்றார் அத்தான். தெரிந்த சர்வீஸ்காரர் ஒருவர் போனில், டிஸ்க்கின் முதல் ஒரு எம்பியைப் பூஜ்ஜியமாக்கிவிட்டு மறுபடி பார்ட்டிஷன் போடச் சொன்னார். செய்து பார்த்தோம். அதே பதில்.

எம்கேஎஃப்எஸ்ஸைக் கட்டாயப்படுத்தி எழுத வைக்கவும் வழி உண்டு. அதை நான் தொடவில்லை, யாரும் தொட வேண்டாம் என்றுதான் சொல்வேன். உபயோகத்தில் இருக்கிறது என்று கெர்னல் சொன்னால், எதுவோ அதைப் பிடித்திருக்கிறது. அது எது என்று பார்க்காமல் மேலே எழுதினால் இரண்டு பேர் ஒரே இடத்தில் எழுதும் நிலை வரும். பிறகு கெட்டுப்போகப் போவது வாடிக்கையாளரின் கல்யாணப் படம்.

விடை ப்ராக் அடைவில் உள்ள எம்டிஸ்டாட் ஃபைலில் இருந்தது. எம்டி127 என்று ஒரு ரெய்டு அணி (பல டிஸ்க்குகளை ஒன்றாக்கும் ஏற்பாடு), செயல்படாத நிலையில். அதன் ஒரே உறுப்பு நம்முடைய பார்ட்டிஷன். இந்த மெஷினில் யாரும் ரெய்டு போட்டதே கிடையாது. டிஸ்க்கின் லேபிளை மறுபடி பார்த்தால் பழுதுபார்த்துச் சான்றளித்தது என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. முன்பு எங்கோ ஒரு ரெய்டு பெட்டியில் ஓடிய டிஸ்க், அதன் அடையாளத்தை அழிக்காமலே எங்கள் கைக்கு வந்திருக்கிறது. லினக்ஸ் அந்த அடையாளத்தைக் கண்டு, மெஷின் ஆன் ஆகும்போதே அணியைச் சேர்க்கப் பார்க்கிறது. ஜோடி டிஸ்க் இல்லாததால் அணி ஓடவில்லை. ஆனாலும் பார்ட்டிஷனை விடவில்லை.

முதல் ஒரு எம்பியை அழித்தும் ஏன் போகவில்லை? இப்போதெல்லாம் முதல் பார்ட்டிஷன் 2048வது செக்டாரில், அதாவது சரியாக ஒரு எம்பி தாண்டித்தான் தொடங்கும். 4096 பைட் செக்டார் டிஸ்க்குகளோடு வரிசை பிசகாமல் இருக்க அப்படி ஒரு வழக்கம். லினக்ஸின் ரெய்டு மென்பொருளான எம்டியின் 1.2 வடிவம், அணியின் அடையாளம் இருக்கும் தன் சூப்பர்பிளாக்கைப் பார்ட்டிஷன் தொடங்கும் இடத்திலிருந்து 4 கேபி தள்ளி வைக்கிறது. நாங்கள் அழித்த பகுதிக்கு அது வெளியே. பழைய பார்ட்டிஷன் தொடங்கிய அதே செக்டாரில் நான் போட்ட புதியதும் தொடங்கியதால், சூப்பர்பிளாக் தனக்குரிய இடத்திலேயே பத்திரமாக இருந்தது. இது புரிந்தபோது எனக்கு உண்மையிலேயே பெரிய நிம்மதி. டிஸ்க்கில் கோளாறு இல்லை.

பிறகு வேலை சீக்கிரம் முடிந்தது. ரெய்டைக் கையாளும் எம்டிஏடிஎம் கட்டளையால் எம்டி127ஐ நிறுத்தி, பார்ட்டிஷனில் இருந்த சூப்பர்பிளாக்கைப் பூஜ்ஜியமாக்கி, மிச்சம் இருக்கும் அடையாளங்களை அழிக்க வைப்எஃப்எஸ் கட்டளையை ஓட்டினேன். உங்கள் மெஷினில் உண்மையான ரெய்டு ஏதாவது இருந்தால், எதை நிறுத்துகிறீர்கள் என்று இரண்டு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபைல்சிஸ்டம் போடும் முன் டிஸ்க் தன்னைத்தானே சோதிக்கும் ஸ்மார்ட்டின் நீண்ட சோதனையை இரவு முழுக்க ஓட விட்டேன். பழுதுபார்த்த டிஸ்க் என்று தெரிந்த பிறகு அந்தச் சோதனையைத் தவிர்க்க மனசில்லை. கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டார், கெட்டதோ என்று நிலுவையில் உள்ள செக்டார் இரண்டும் பூஜ்ஜியம். அப்புறம் ஈஎக்ஸ்டி4 மறுபேச்சில்லாமல் விழுந்தது. சிஸ்டம் நிர்வாகிக்கென்று அது ஒதுக்கிவைக்கும் இடத்தை மட்டும் ஒரு சதவீதமாகக் குறைத்தேன். வழக்கமான ஐந்து சதவீதம் 4 டிபியில் 200 ஜிபியை எடுத்துக்கொள்ளும், படம் மட்டும் வைக்கும் டிஸ்க்குக்கு அவ்வளவு தேவையில்லை. மெஷின் ஆன் ஆகும்போது எதையெல்லாம் மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில், ஃபைல்சிஸ்டத்தின் தனி அடையாள எண்ணான யூயூஐடியைக் கொடுத்து, நோஃபெயில் என்ற சொல்லையும் சேர்த்தேன். டிஸ்க் என்றைக்காவது எழும்பாவிட்டாலும் மெஷின் எழும்பும்.

மவுண்ட் செய்ததும் ஒன்றும் எழுதாதபோதே டிஸ்க் சத்தம் போட, அத்தான் திரும்பவும் பதறினார். ஈஎக்ஸ்டி4, ஃபைல்களின் விவரத்தை வைக்கும் தன் ஐநோட் அட்டவணைகளைப் பின்னணியில் நிதானமாக நிரப்புவதால் வரும் சத்தம் அது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும் என்று சொன்னேன். நின்ற பிறகு மாடிப் பிரதியிலிருந்து ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியால் நகல் எடுத்தோம். நகல் முடிந்ததும் செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) வைத்து இரண்டு பக்கமும் ஒப்பிட்டோம், எல்லாம் பொருந்தியது.